ரப்பர் காட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி

கண்ணாடியைப் படுக்கப்போட்டுக் கொண்டுபோகக் கூடாது. கோட்டாற்றுக் கண்ணாடிக் கடைக்காரர் காசை வாங்கிக் கல்லாவில் போடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். "குத்துக்கா நிக்க வச்சுக் கொண்டுபோங்க அண்ணாச்சி. நின்னா எந்தக் குழியில வண்டி விழுந்தாலும் தாங்கும். படுத்துதுன்னா வில்லுக்குறி தாண்டாது." ஐந்து துண்டுகளையும் செய்தித்தாள் இடைவைத்து அடுக்கி, பழைய போர்வையில் சுற்றி, ஆம்னி வேனின் பின்னிருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே நிறுத்திக் கட்டினோம். பையன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

பையனின் தகப்பனான அண்ணாச்சிக்குக் குலசேகரம் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் இறங்காமல் பட்டையோடு பரவி வீணாகும். தகப்பனுக்கு வேலை ஓய்கிற அந்த நாட்களுக்காகத்தான் எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் காத்திருந்தான். மீன்தொட்டியைக் கடையில் வாங்க அவனுக்கு மனமில்லை. தானே செய்ய வேண்டும். திருநெல்வேலியிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்ட நான், நாகர்கோவில் கோட்டாற்றிலேயே அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

கடையில் அவன் நீட்டிய தாளில் நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் ஒன்றரை அடி என்று இருந்தது. கடைக்காரர் உயரத்தின் மேல் பேனாவை வைத்தார். "நீளத்தக் கூட்டு, அகலத்தக் கூட்டு. உயரத்துல கை வைக்காத மக்கா. உயரந்தான் காசு." அவர் அனுபவத்தில் சொன்னதற்குக் கணக்கும் உண்டு. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தே கூடும். 60 செ.மீ. நீளத் தொட்டியில் 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், முன்கண்ணாடி மீது விழுகிற மொத்தத் தள்ளு ஏறக்குறைய 27 கிலோ எடைக்குச் சமம். அதே தொட்டியில் தண்ணீரை 45 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினால் அது 60 கிலோ ஆகிவிடும். உயரம் ஒன்றரை மடங்கு, தள்ளு இரண்டேகால் மடங்கு. பையன் இதை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, உயரத்தை ஒரு அடியாகத் திருத்தினான். அந்த அளவுக்கு 5 எம்.எம். கண்ணாடி போதும்.

அவர் அறுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேசையில் பழைய ஜமுக்காளம் விரித்திருந்தது. கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, மட்டப்பலகையை ஒட்டி, மேல்கோடியிலிருந்து தன் வயிற்றுப் பக்கமாக ஒரே இழுப்பு. தொடக்கத்திலிருந்து கடைசிவரை சத்தம் ஒரே சீராக வந்தது. சத்தம் நடுவில் விட்டால் கோடும் விட்டிருக்கிறது என்று பொருள். அதன்மேல் இன்னொரு முறை இழுக்கவே கூடாது. இரண்டாவது இழுப்பில் சக்கரமும் கெடும், கண்ணாடியும் கண்டபடி போகும். பிறகு கோட்டை மேசை விளிம்புக்கு நேராக வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சின்ன அழுத்தம் கொடுத்தார். 'டக்' என்று நூல் பிடித்ததுபோல் பிரிந்தது.

பக்கக் கண்ணாடி இரண்டும் முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே உட்கார வேண்டியவை. அதனால் அவற்றின் அகலத்தை ஒரு அடியிலிருந்து நாலு நூல் குறைத்து வெட்டினார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூலில் 10 எம்.எம். இரண்டு கண்ணாடியின் கனத்துக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது இரண்டு பக்கத்துச் சிலிக்கானுக்கும் உள்ள இடம். கண்ணாடி கண்ணாடியை நேரடியாகத் தொடக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி.

துண்டுகளின் ஓரத்தைப் பார்த்தால் பச்சை நிறம் தெரியும். மணலில் இருக்கும் இரும்பால் வருவது அது. பையன் கேட்டான்: "சித்தப்பா, நம்ம மணவாளக்குறிச்சி மண்ணுல கண்ணாடி செய்யலாமா?" நல்ல கேள்வி. கண்ணாடிக்கு வேண்டியது இரும்பு குறைந்த வெள்ளை மணல், சோடா, சுண்ணாம்பு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருப்பது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட், சிர்க்கான், கார்னெட், மோனசைட். மத்திய அரசின் அருமணல் ஆலை அங்கே உட்கார்ந்திருப்பது இவற்றுக்காகத்தான். நாங்கள் வாங்கிய மாதிரியான தட்டைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு ஆற்றப்படுவது. 1950களில் இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் கண்டுபிடித்த முறை. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் இப்படி வார்க்கிறார்கள். மிதந்து ஆறுவதால்தான் இரண்டு முகமும் பளிங்காக, இணையாக இருக்கின்றன. வீட்டில் தொட்டி ஒட்டுகிறவனுக்கு இந்த இணையான முகமும் நேரான ஓரமும்தான் பெரிய வரம்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு, கடைக்கு வருகிற எல்லாருமே 'டஃபன்' கண்ணாடி கேட்கிறார்களாம். மீன்தொட்டிக்கு அது தேவையில்லை என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியைப் பிறகு அறுக்க முடியாது, துளையிட முடியாது. ஒரு மூலையில் அடிபட்டால் முழுத் துண்டும் பொடிந்து உதிரும். சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டாலும் தண்ணீர் ஒழுகிப் போக நேரம் கொடுக்கும்.

பார்வதிபுரம், வில்லுக்குறி தாண்டித் தக்கலை வந்தபோது மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றேன். தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். மந்திரசாலைக்குப் போகும் படி குறுகல். மேலே ஏறினால் சன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள். கண்ணாடி கிடைக்காத காலத்தில் வெளிச்சத்தை உள்ளே விட்டு மழையையும் காற்றையும் வெளியே நிறுத்தியவை அவை. தரையோ கறுத்து, முகம் தெரிகிற அளவுக்கு மினுங்கிக் கிடக்கிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று பலதும் கலந்து தேய்த்த தரை என்று காவலர் சொன்னார். சிமென்ட்டுக்கு முந்திய காலத்தில் இந்த நாட்டார் ஒட்டுப்பொருளில் எவ்வளவு நுணுக்கம் பார்த்திருக்கிறார்கள்! கொஞ்ச தூரத்தில் திருவட்டாறு. அங்கே பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாளின் திருமேனியும் கல்லில் செதுக்கியது அல்ல. சாளக்கிராமங்களைக் கடுசர்க்கரையால் இணைத்துச் செய்தது. இந்தப் பகுதிக்குக் கலவையும் பசையும் புதிய விஷயங்களே இல்லை.

அழகியமண்டபம், வேர்க்கிளம்பி வழியாகத் திருவட்டாறு வந்து, மாத்தூருக்குத் திரும்பினோம். மாத்தூர் தொட்டிப்பாலத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் கீழே நின்று தூண்களையே பார்ப்பார்கள். 115 அடி உயரம், 28 தூண்கள், ஏறத்தாழ 1,200 அடி நீளம். காமராசர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் முடித்தது. எனக்கு மேலே நடந்தால்தான் அதன் அருமை தெரியும். ஆள் உயரத்துக்கும் மேலான காங்கிரீட் தொட்டி ஒன்று ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. கீழே பறளியாறு அதன் போக்கில் ஓட, இந்தத் தண்ணீர் மேலே தனியாகக் கல்குளம், விளவங்கோடு வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் போகிறது. நடைபாதைக்கு அடியில் அது சலசலக்கிற சத்தம் காலில் தெரியும்.

வெயிலில் காங்கிரீட் நீளும், இரவில் சுருங்கும். இவ்வளவு நீளமான தொட்டியை ஒரே கட்டியாக, இறுக்கமாகப் பிடித்து வைத்தால் அது தானாகவே வெடித்துக்கொள்ளும். ஆகவே இத்தகைய கட்டுமானங்களில் ஒவ்வொரு கண்ணுக்கும் நடுவே அசைய இடம் விட வேண்டும். அசைகிற அந்த இடத்திலேயே தண்ணீரும் கசியாமல் இருக்க வேண்டும். நீரைத் தாங்குகிற எதையும் செய்கிறவனுக்கு எப்போதும் உள்ள சிக்கல் இது. சுவரைக் கெட்டியாக்குவது எளிது. இணைப்பைக் கெட்டியாகவும் இளக்கமாகவும் ஒரே நேரத்தில் வைத்திருப்பதுதான் கடினம். அணைக்கும், தொட்டிப்பாலத்துக்கும், வேனில் போர்வைக்குள் நிற்கிற 2 அடிக் கண்ணாடிக்கும் இதில் வேறுபாடு கிடையாது என்பதைப் பையனுக்கு அந்தப் பாலத்தின் மேல் நின்றுதான் சொன்னேன்.

கண்ணாடித் தொட்டியின் கதையே இந்த இணைப்பின் கதைதான். 1853இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று தனிக் கூடம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'அக்வேரியம்' என்ற புத்தகம் இங்கிலாந்து வீடுகளில் எல்லாம் மீன்தொட்டி ஆசையை மூட்டிவிட்டது. அன்றைக்கும் அதன்பிறகு ஒரு நூறாண்டுக்கும் தொட்டி என்றால் இரும்புச் சட்டம், அதற்குள் கண்ணாடி, இடையில் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணப்பொடியும் பிசைந்த புட்டி. புட்டி நாளாக நாளாகக் கல்லாகும். தொட்டியைக் கொஞ்ச நாள் காயவிட்டால் வெடிக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் சட்டம் துருப்பிடிக்கும். கடல்மீன் வளர்ப்பு செல்வந்தர்களோடு நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிலிக்கானுக்குப் பெயர் வைத்தவர் நாட்டிங்காம் பேராசிரியர் ஃபிரெடரிக் கிப்பிங். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் கையில் அது பிசினாக வந்து ஒட்டிக்கொண்டது. இந்தத் துறையில் பெரிய முன்னேற்றம் உடனே வரும் என்று 1930களில்கூட அவருக்கே நம்பிக்கை இல்லை. 1943இல் அமெரிக்காவில் டோ கார்னிங் நிறுவனம் இதற்கென்றே தொடங்கப்பட்டது. 1960களில் சட்டமே இல்லாமல், கண்ணாடியோடு கண்ணாடியைச் சிலிக்கானால் ஒட்டிய தொட்டிகள் வந்தன. சட்டமில்லாத் தொட்டி எவர் வீட்டிலும் சாத்தியமானது அதன்பிறகுதான்.

குலசேகரம் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டின் பின்புறத்தில், ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் வேலை தொடங்கியது. அங்கே ஒரு மூலையில் பழைய மீன்தொட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை ஒழுகியபோதும் பழைய சிலிக்கான் மேலேயே புதிதாக அப்பியிருக்கிறார்கள். கசிந்த மூலையில் விரல் கனத்துக்கு மேடு ஏறியிருந்தது. நகத்தால் கிளப்பினால் மேல்தோல் அப்படியே உரிந்து வந்தது. உலர்ந்த சிலிக்கான் மேல் புதிய சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. ஒழுகுகிற தொட்டியைச் சரிசெய்ய ஒரே வழி, பிளேடு வைத்து உள்பக்கத்துப் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, துடைத்துப் புதிதாக இழுப்பது. இதைச் சோம்பலில் விட்டுவிட்டுத்தான் ஊரில் பாதித் தொட்டிகள் மொட்டைமாடிக்குப் போகின்றன.

துண்டுகளின் கூர் ஓரங்களை முதலில் தண்ணீர் தொட்டுச் சாணைக்கல்லில் மழுக்கினோம். ஈரமில்லாமல் தேய்த்தால் கண்ணாடித் தூள் மூச்சில் போகும். பிறகு ஒட்டுகிற ஓரங்களை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தோம். துடைத்த இடத்தை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் போதும், அந்த இடத்தில் சிலிக்கான் பிடிக்காமல் போக. அதன்பின் மாஸ்கிங் டேப். இணைப்பின் இரண்டு பக்கமும் 6 எம்.எம். விட்டு ஒட்டினால், கடைசியில் ஓரம் கோடு போட்டாற்போல் வரும்.

சிலிக்கான் வாங்குவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். குளியலறைக்கென்று விற்கிற சிலிக்கானில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து சேர்த்திருப்பார்கள். மீனுக்கு அது நஞ்சு. குழாயின் மேல் மீன்தொட்டிக்கு உகந்தது என்று எழுதியிருக்க வேண்டும். நாங்கள் வாங்கியது 280 மி.லி. குழாய். அதன் மூக்கைச் சாய்வாக வெட்டி, சிலிக்கான் இழுக்கும் கன்னில் மாட்டினோம்.

அடித்தட்டு தெர்மாகோல் மேல் படுத்தது. பின்கண்ணாடி முதலில். அடித்தட்டின் பின்னோரத்தில் பையன் ஒரே ஓட்டமாகச் சிலிக்கான் இழுத்தான். விசையை விட்டுவிட்டு அழுத்தினால் நடுவில் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். அண்ணாச்சி கண்ணாடியை நிறுத்தி மெல்ல அமுக்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அமுக்குகிற அளவு இந்த வேலையின் உயிர். அதிகம் அமுக்கினால் சிலிக்கான் எல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் தோல்போலக் கொஞ்சந்தான் நிற்கும். ஒரு எம்.எம். கனமாவது நடுவில் இருந்தாக வேண்டும். தண்ணீர் நிறைந்ததும் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளிப்பக்கம் வளையும். அந்த வளைவோடு நீண்டுகொடுக்க நடுவில் இருக்கும் ரப்பருக்கு உடம்பு வேண்டும்.

அடுத்து இடப்பக்கம், வலப்பக்கம், கடைசியில் முன்கண்ணாடி. மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம். மூலைக்கு மூலை குறுக்கே நாடா பிடித்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. நாலு பக்கமும் டேப் போட்டு இழுத்துக் கட்டியாயிற்று. பிறகு உள்மூலை எல்லாவற்றிலும் இன்னொரு கோடு இழுத்து, ஈர விரலால் ஒரே தேய்ப்பாக வழித்து, மேல்தோல் கட்டும் முன்பே மாஸ்கிங் டேப்பை உரித்தோம். அதற்குக் கிடைக்கும் நேரம் பத்து நிமிடத்துக்குச் சற்று முன்பின். தோல் கட்டிய பிறகு உரித்தால் ஓரம் கிழிந்து வரும்.

கொட்டகை முழுக்கப் புளிப்பு வாடை. அண்ணாச்சியின் மனைவி, என் மைனி, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மழையில யாரு பாலுல ஆசிட் ஊத்துனா?" என்று கேட்டார். ரப்பர் வீட்டில் வேறு எந்த எண்ணமும் முதலில் வராது. ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, டிரேயில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட்டோ அசிட்டிக் ஆசிட்டோ கலந்து உறையவைத்து, மறுநாள் மெஷினில் கொடுத்து ஷீட் ஆக்கிப் புகைப்புரையில் தொங்கவிடுவது அவர்களின் அன்றாடம். சிலிக்கானிலும் வருவது அதே அசிட்டிக் அமிலம்தான். ஆனால் போக்கு தலைகீழ். ரப்பர் பாலுக்கு அமிலத்தை நாம் ஊற்றி உறையவைக்கிறோம். சிலிக்கானோ காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு உறைகிறது, உறையும்போது அமிலத்தை வெளியே விடுகிறது. அதனால்தான் சன்னலைத் திறந்துவைத்து இந்த வேலையைச் செய்ய வேண்டும். அதனால்தான் ஐப்பசி மழையில் ஈரக்காற்று அடிக்கிற குலசேகரம் இதற்கு ஏற்ற இடமாகவும் ஆகிறது.

அண்ணாச்சி விட்டுக்கொடுக்கவில்லை. "நம்ம ரப்பர வச்சு ஒட்டுனா நிக்காதாக்கும்?" என்றார். இயற்கை ரப்பரின் இழுவைக்கு ஈடான பொருள் குறைவுதான். வண்டிச் சக்கரத்துக்கு இன்றைக்கும் அது வேண்டும். ஆனால் அதன் முதுகெலும்பு கரிமச் சங்கிலி. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டால் சில ஆண்டுகளில் வெடித்துப் பிசுபிசுக்கும். சிலிக்கானின் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்தது. அதாவது கண்ணாடியில் இருக்கிற அதே இரண்டும். வெயிலுக்கும் தண்ணீருக்கும் அது அசையாது. கண்ணாடியோடு அவ்வளவு இறுக்கமாகப் பிணைவதற்கும் இந்த உறவே துணை. சொன்னதைக் கேட்டு அவர் தோட்டத்துப் பக்கம் ஒரு முறை பார்த்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சிலிக்கான் வெளியிலிருந்து உள்நோக்கி உலரும். ஒரு நாளில் இரண்டு மூன்று எம்.எம். ஆழம். தொட்டுப் பார்த்தால் மறுநாளே உலர்ந்ததுபோல் இருக்கும். உள்ளே பச்சையாகவே கிடக்கும். ஒரு வாரமாவது விட வேண்டும், வாடை முழுக்கப் போக வேண்டும். இந்த ஒரு வாரத்தைப் பொறுக்க முடியாதவர்கள் மீன்தொட்டி ஒட்டாமல் இருப்பதே நல்லது.

அந்தக் காத்திருப்பில் ஒரு நாள் பேச்சிப்பாறைக்குப் போனோம். மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் அணையில் இன்று எத்தனை அடி என்று சொல்வார்கள். காலையில் செய்தித்தாளைத் திறந்ததும் அதைப் பார்க்கிற பழக்கம் இங்கே விவசாயம் விட்டவர்களுக்கும் இருக்கிறது. நிறை மட்டம் 48 அடி. கோதையாற்றின் குறுக்கே ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் பொறியாளர் மின்சின் கட்டி, 1906இல் முடிந்தது. மின்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டியவர் கட்டியதன் அருகிலேயே உறங்குகிற பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! அணைச் சுவர் மேலே குறுகியும் அடியில் அகன்றும் இருப்பதைப் பையனுக்குக் காட்டினேன். கோட்டாற்றுக் கடைக்காரர் உயரத்தின் மேல் பேனாவை வைத்ததும் இதே காரணத்தால்தான். நாஞ்சில் நாட்டு நெல் முழுக்க இந்தச் சுவரையும் பெருஞ்சாணி அணையையும் நம்பி நிற்கிறது. இரண்டு மழைக்காலமும் பெய்கிற மாவட்டம் என்ற பெயர் மட்டும் வயலை நனைக்காது; அணை கட்டியவர்களுக்குப் பெய்ததை நிறுத்திவைக்கத் தெரிந்திருந்தது.

தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் நாள் வந்தது. தரையில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் தொட்டி. கசிவை முதலில் காட்டிக்கொடுப்பது காகிதம்தான். ஒரு சொட்டு விழுந்தாலும் எழுத்து கறுத்துத் தெரியும். ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்த பிறகு கால்வாசி, அரைவாசி என்று இடைவெளி விட்டு ஊற்றினோம். நிறைந்தபோது ஐம்பது லிட்டருக்கு மேல், கண்ணாடி எடையும் சேர்ந்து அறுபது கிலோவைத் தாண்டியது. பையன் விரலை நாலு மூலையிலும் ஓட்டிப் பார்த்தான். மறுநாள் காலை வரை காகிதம் உலர்ந்தே இருந்தது.

உடனே மீனை விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். ஓடையிலிருந்து கொஞ்சம் கூழாங்கல்லும் பாசியும் கொண்டுவந்து போட்டால் அந்தக் குடியேற்றம் விரைவாகும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்துவைக்க வேண்டும்.

எந்த மீன் என்ற கேள்விக்கு எனக்கு ஒரே பதில்தான்: வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் இருப்பது. பையன் அங்கே என்னை அழைத்துப்போய்க் காட்டினான். மேல்மட்டத்தை விட்டு இறங்காமல், நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்ன, வானத்தையே பார்த்து நீந்துகிற குட்டி மீன். கேரளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். கொசுப்புழு என்றால் அதற்கு உயிர். 1928இல் கொசுவை ஒழிக்கவென்று கம்பூசியா மீனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நம் நீர்நிலைகளில் விட்டார்கள். அந்த வேலையைச் செய்ய ஒரு மீன் இங்கேயே இருந்தது என்பதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. மணக்குடி போல ஆறும் கடலும் கலக்கிற இடங்களுக்கு உரியது பள்ளத்தி. ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கையைவிடச் சிறியது. தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காக்கும். பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் உடம்பிலிருக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்று வளரும். இதை ஒரு முறை தொட்டியில் பார்த்துவிட்டால் பிறகு கடையில் விற்கிற சாயமேற்றிய மீன்களின் பக்கம் கண் போகாது. அயிரையும் குள்ளக்கெண்டையும்கூட நல்ல வெளிச்சத்தில், தெளிந்த தண்ணீரில் எவ்வளவு அழகு என்று குழம்பில் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாது. மூன்று நாலு மீன் போதும். காப்பகங்களிலும் அடுத்தவர் குளத்திலும் பிடிக்கக் கூடாது. கிணற்றிலோ ஓடையிலோ, உரியவரிடம் கேட்டுப் பிடிக்க வேண்டும்.

திரும்புகிற வழியில் தேரூர்க் குளத்தங்கரையில் இறங்கி நின்றேன். கவிமணி பிறந்த ஊர். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வேம்பனூர்க் குளமும் அதே ஆண்டு சேர்ந்தது. கரையோரம் நீர்க்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்தக் குளங்களுக்கு வரக்கூடிய கேடுகளில் ஒன்று நம் வரவேற்பறை மீன்தொட்டியிலிருந்தே வரும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற சக்கர் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. விரல் நீளத்தில் வாங்குவது ஒரு முழத்துக்கும் மேல் வளரும். பெருத்துப்போன பிறகு பாவம் பார்த்துக் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள். திருவனந்தபுரத்துக் கால்வாய்களில் அது பெருகிக் கிடக்கிறது. கரையில் வளை தோண்டும், நாட்டு மீனின் இரையைத் தின்னும். முள்ளும் கவசமுமாக இருப்பதால் வலையையும் கிழிக்கும்.

சொந்தக் கையால் தொட்டி ஒட்டுங்கள், பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். மீன் வளர்ப்பு சலித்துப்போனால் கடையில் திருப்பிக் கொடுங்கள், வளர்க்கிற இன்னொருவருக்குக் கொடுங்கள். வெளியூர் மீன் ஒன்றைக்கூட நாஞ்சில் நாட்டுக் குளத்தில் விட்டுவிடாதீர்கள்.